திங்கட்கிழமையே கிளம்பிய பெட்டி

அந்த மே மாதம் நேபாளம் போவது என்று ஜனவரியிலேயே முடிவாகிவிட்டது. முடிவு செய்தவள் என் மனைவி. பனி மூடிய மலையை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், இந்தக் கோடையிலேயே பார்க்க வேண்டும் என்றாள். மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறாள். அடுத்தது பத்தாவது, பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ. எங்கள் விருத்தாசலத்தில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் டிவிக்குக் கேபிளையே பிடுங்கிவிடுவார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் இமயமலைக்குப் போக முடியாது. இதை விட்டால் இன்னும் மூன்று வருடம். அப்போது தன் முழங்கால் எந்த நிலையில் இருக்கும் என்று அவளுக்கே சந்தேகம்.

நான் ஒரு நாளிதழின் செய்தியாளன். வெள்ளாற்றில் வெள்ளம் வந்தால் எத்தனை ஏக்கர் மூழ்கியது என்று இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதியதில்லை. பயணத் திட்டத்தையும் அப்படித்தான் தயாரித்தேன். சென்னை, கோரக்பூர், எல்லையில் சோனௌலி, போக்ரா, காத்மாண்டு. திரும்பும்போது ரக்சால், பாட்னா, கல்கத்தா. ஒரே தாளில் கட்டம் போட்டு தேதி, ஊர், வண்டி, கிளம்பும் நேரம், சேரும் நேரம் எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று தலைப்பு. எழுத ஒன்றும் இல்லாததால் அது காலியாக இருந்தது. எல்லையைக் கடக்க நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். பாஸ்போர்ட் தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும் என்றார்கள். அட்டையில் இருந்த பெண் என் மனைவியைப் போல இல்லை என்பது ஒன்றுதான் கவலை.

பெண்ணாடத்தில் கரும்பு போட்டிருக்கும் என் மனைவியின் அண்ணன் ஒருநாள் வந்தார். தாளை வாங்கி முழுவதும் படித்தார்.

"எல்லாம் போட்டிருக்கீங்க மாப்ள. சூலம் போடலையே?"

ஒவ்வொரு கிழமையிலும் ஒரு திசைக்குப் பயணம் ஆகாது. அதுதான் சூலம். புதன்கிழமை வடக்கே சூலம். நாங்கள் கிளம்புவது புதன்கிழமை காலை. சென்னை வடக்கே. நேபாளம் அதற்கும் வடக்கே.

"அன்னைக்குத்தான் டிக்கெட்டு கெடச்சுது மச்சான். மூணு பேருக்கும் சேந்தாப்புல."

"ரயில்வேக்காரன் நாளு பாத்தா டிக்கெட்டு குடுக்குறான்? நாமதான் பாக்கணும்."

அவரே வழியும் சொன்னார். நல்ல நாள் பார்த்து, எடுத்துப்போகிற சாமானில் ஒன்றை முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்துடன் பயணம் தொடங்கிவிட்டதாக ஆகிறது. ஆட்கள் பிறகு எந்தக் கிழமையில் கிளம்பினாலும் குற்றமில்லை. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நான் இரண்டு வேட்டி கொடுத்தனுப்பலாம் என்றேன். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. "வேட்டி இல்லாமயும் போயிடலாம். எது இல்லாம போவ முடியாதோ அத வெக்கணும்." நியாயமாகத்தான் பட்டது. ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டைகளும் பெரிய பெட்டிக்குள் போயின.

வடக்குப் பக்கத்து வீடு பாயுடையது. பதினோரு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து, தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் செய்கிற சின்ன யூனிட் வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, நான் பின்னால் போனேன். வைக்கோல் சுற்றிய ஃபியூஸ் கட்டுகளுக்கு நடுவே பாய் அதற்கு இடம் ஒதுக்கினார்.

"துபாய்க்கு நாலு தடவ போய் வந்திருக்கேங்க. பெட்டிய மொதல்ல அனுப்புனதே இல்ல" என்று சிரித்தார்.

"பெட்டி எப்பவும் இவங்களுக்கு முன்னால இருக்கணும் பாய். அதான் முக்கியம்" என்றார் மச்சான்.

"கவலைய வுடுங்க, நான் பாத்துக்குறேன்."

புதன்கிழமை ரயில் பத்து ஐம்பதுக்கு. வழியனுப்ப மச்சான் வந்திருந்தார். பத்து மணிக்குப் பாய் வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. வீட்டுப் பெண்கள் முதல் நாளே சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பாயின் செல்போனுக்கு அடித்தேன். பூட்டிய வீட்டுக்குள் மணி கேட்டது. ஆட்டோ பிடித்து யூனிட்டுக்கு ஓடினேன். சூளைக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், "மொதலாளி இன்னும் வரலிங்களே" என்றார்கள். நான் திரும்பி வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. என் மனைவி பாய் வீட்டு வாசலில், கழித்துப் போட்ட ஃபியூஸ்களைப் பதித்துக் கட்டிய படியில் உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் நின்றாள்.

பன்னிரண்டு மணிக்குமேல் பாயின் டிவிஎஸ் ஃபிப்டி வந்தது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய எங்கள் பெட்டி.

"எங்கங்க போயிட்டீங்க? ஒம்பதரைலேர்ந்து பிளாட்பாரத்துல நிக்குறேன்! வண்டி வந்துது, போயிடுச்சு, ஒங்களக் காணும். அடுத்த வண்டிக்கு வருவீங்கன்னு பாத்தேன்."

"ஸ்டேசனுக்கு ஏன் பாய் எடுத்துட்டுப் போனீங்க?"

"பெட்டி முன்னால இருக்கணும்னு இவங்கதான சொன்னாங்க!"

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சென்னையில் இரவு எட்டு மணிக்குக் கோரக்பூர் ரயில். பஸ்ஸில் போனால் ஆறு மணி நேரம். இப்போதே ஏறினால் பிடித்துவிடலாம்.

"ராகுகாலம் மாப்ள. ஒன்றரை வரைக்கும் உள்ள வந்து உக்காருங்க."

என் மனைவி எழுந்து வந்து பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள்.

"பெட்டி திங்கக்கிழமையே கெளம்பிடுச்சுண்ணே. நாங்க இப்ப கெளம்பல, அதுகூடப் போய் சேந்துக்குறோம்."

அவர் சொன்ன விதியை வைத்தே சொன்னதால் அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார். பாய்தான் பெட்டியோடு அவளை டிவிஎஸ் ஃபிப்டியில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். நானும் மகளும் ஆட்டோவில் போனோம். சென்னையில் ரயில் கிளம்பப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஏறினோம்.

எல்லையில் ஒரு வளைவு இருந்தது. சைக்கிள் ரிக்‌ஷா அதன் அடியில் நிற்காமல் போனது. அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் ஒதுக்கிய இடத்தில் நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

போக்ராவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை மலை பார்ப்பதாகத் தாளில் இருந்தது. ஐந்தரைக்குப் போனோம். மேகம் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் காத்மாண்டு பஸ். ஆறரைக்கு நான் பெட்டியைப் பூட்டினேன். அவள் கட்டிலை விட்டு எழவில்லை.

"ஏங்க, இன்னைக்கு என்ன கெழம?"

"திங்கள்."

"திங்கக்கிழம கெழக்க சூலம். காத்மாண்டு கெழக்கதான இருக்குது?"

"புதன்கிழமை வடக்கே வந்தோமே?"

"அப்ப பெட்டி கெளம்பியிருந்துச்சு. இப்ப பெட்டி ரூம்லதான இருக்குது?"

மகள் போர்வைக்குள் சிரித்தாள். பஸ் போய்விட்டது. திங்கள் முழுவதும் மேகம்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஏரிக்கரையில் நின்றோம். எதிரே இருந்த பச்சைக் குன்றுகளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள்தான், "அம்மா, மேல பாரு, இன்னும் மேல" என்றாள். மேகம் இருக்க வேண்டிய உயரத்துக்கும் மேலே மலை இருந்தது.

"இவ்ளோ ஒசரத்துலயா? நான் ரெண்டு நாளா கீழயே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் என் மனைவி. இருபது நிமிடம் தெரிந்தது. அதுவரை உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. முழங்காலைப் பற்றிப் பேசவும் இல்லை.

காத்மாண்டில் ஒரு நாள் குறைந்தது. பாட்னாவில் தங்கவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் மச்சான் தாளைக் கேட்டு வாங்கினார். அடித்தல் திருத்தல்களை எல்லாம் தாண்டி, குறிப்புக் கட்டத்தில் அவர் கண் நின்றது. அங்கே திங்கட்கிழமைக்கு நேராக என் கையெழுத்தில், "கிழக்கே சூலம். பயணம் இல்லை" என்று இருந்தது.

"இப்பதான் மாப்ள இது பிளானு" என்றார்.