பேனரில் ஏறிய நன்றிக் கடிதம்

பாகூர் பக்கம் ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்தில் ஆறு வருடம் வார்டனாக இருந்தேன். எந்த இல்லம் என்று சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு பிள்ளைகள். அதில் அப்பா அம்மா இல்லாதவர்கள் பாதிகூடக் கிடையாது. மற்றவர்களுக்கு வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அந்த எல்லோரிடமிருந்தும் தப்பித்துத்தான் இங்கே வந்திருந்தார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது. "பாவம், அநாதைங்க" என்று உச்சுக் கொட்டிக்கொண்டு பிரியாணி அண்டாவோடு வந்து இறங்குவார்கள்.

பிறந்தநாள் சாப்பாடு எங்கள் பக்கத்தில் ஒரு வியாதி. சோறு பரிமாறியாகிவிடும், ஆனால் யாரும் கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டிப் பாட வேண்டும். கேக் வெட்ட வேண்டும். வந்தவரின் மனைவி, மாமியார், பங்காளிகள் எல்லோரும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் சோறு ஆறி அவலாகிவிடும்.

இதற்கு மேல் எங்கள் இல்லத்துக்கென்று தனியாக ஒரு வழக்கம் இருந்தது, நன்றிக் கடிதம். செகரட்டரி சார் கண்டுபிடித்தது. கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு பிள்ளையை உட்கார வைத்து, என் பெயர் இது, ஊர் இது, இந்த வகுப்பு படிக்கிறேன், இதனால் இங்கே வந்தேன், உங்கள் சாப்பாட்டுக்கு நன்றி என்று எழுதச் சொல்வார். படிக்கிறவர்கள் உருகுவார்கள். அடுத்த வருடமும் வருவார்கள். ஒரு பிள்ளையின் கஷ்டத்தை ஊறுகாய் மாதிரி ஒரு ஓரத்தில் வைத்துக் கொடுக்கிற வேலை இது. ஆறு வருடம் அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்படி எழுதியவர்களில் ஒரு பெண்ணுக்கு வயது பதினைந்து. காட்டேரிக்குப்பம். ஒன்பதாவது முடித்ததும் அம்மாவின் தம்பிக்குக் கட்டிவைக்க நாள் குறித்துவிட்டார்கள். அவன் திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போகிறவன். பிள்ளை ஸ்கூல் டீச்சரிடம் சொல்லிவிட்டாள். குழந்தைகள் நலக் குழுவில் இருந்து அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். பத்திரமாக இருக்கிறாள் என்று மட்டும் வீட்டுக்குச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை. வந்த அன்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மாமாவுக்குத் தெரியாதுல்ல மிஸ்?"

தெரியாது, நீ சாப்பிடு என்றேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ரியல் எஸ்டேட்காரர் தன் பிறந்தநாளுக்கு வந்தார். கரும்பு நிலத்தை எல்லாம் மனை போட்டு விற்றவர், தேர்தலில் நிற்க ஆசை. கூடவே பதினைந்து வெள்ளைச் சட்டைகள். பிள்ளைகளின் முகம், பெயர், ஊர் எதுவும் வெளியே போகக் கூடாது என்கிற சட்டத்தை எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தோம். அதற்கு நேர் கீழேதான் அவரை உட்கார வைத்திருந்தார்கள். முகத்தைப் படம் எடுக்காதீர்கள் என்று நான் சொன்னதும் ஒரு வெள்ளைச் சட்டை சிரித்தான்.

"மூஞ்சி இல்லாத போட்டோவ வெச்சினு நாங்க இன்னாம்மா பண்றது? அண்ணன் சோறு போட்டாருன்னு எவன் நம்புவான்?"

செகரட்டரி நடுவில் புகுந்து, எடுத்த பிறகு முகத்தை மறைத்துப் போடுங்கள் என்று பேசி முடித்தார். எனக்கும் பெரிதாக எதையோ சாதித்த திருப்தி. அதே மதியம் அந்தப் பெண் கடிதம் எழுதினாள். நான்தான் வாங்கிப் படித்தேன், மடித்துக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் வில்லியனூரில் ஒரு பேனர், திருபுவனையில் கம்பெனி ஆட்கள் பஸ் இறங்குகிற இடத்தில் ஒரு பேனர். அவர் பனைமர உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். காலடியில் எங்கள் பிள்ளைகள், ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு ரோஜாப்பூ. பக்கத்தில் அந்தக் கடிதம், ஒரு வரி விடாமல். அவள் பெயர், ஊர், மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்த்த கதை, மேலே இல்லத்தின் பெயர். போன் போட்டுக் கத்தினேன். அதே வெள்ளைச் சட்டைதான் எடுத்தான்.

"அதான் பூ வெச்சு மறைச்சிட்டோமேம்மா. லெட்டர்ல ஏது மூஞ்சி?"

இப்படிப்பட்ட மூளைகள்தான் நம்மை ஆளத் துடிக்கின்றன.

ஐந்தாம் நாள் மாமன்காரன் கேட்டுக்கு வெளியே நின்றான். தோளில் டிபன் பை, கையில் போன், போனில் பேனர். சத்தம் போடவில்லை.

"எங்க அக்கா பொண்ணு. இட்டுனு போவ வந்தேன்."

அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். போனைத் திருப்பி என்னிடம் காட்டிச் சிரித்தான். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அன்று முழுக்க எதிரே புளியமரத்தடியில் நின்றான், மறுநாளும் நின்றான். போலீஸ் வந்து விரட்டியது, போனான், திரும்பவும் வந்தான்.

பத்தாவது படிக்கிற பிள்ளையைப் பாதி வருடத்தில் வேறு இல்லத்துக்கு மாற்ற முடிவு செய்தார்கள். பையைக் கட்டும்போது அவள் அழவில்லை. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் மட்டும் கேட்டாள்.

"நீங்க படிச்சிட்டுதான மிஸ் குடுத்தீங்க?"

ஆமாம் என்றேன். எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

செகரட்டரி எல்லாவற்றுக்கும் கிரகம் என்று ஒரே பதில் வைத்திருந்தார். அடுத்த மாதமே இன்னொரு பிறந்தநாளுக்குக் கடிதம் கேட்டார். நானே எழுதிக் கொடுத்தேன்: "சாப்பாடு வந்தது. சாப்பிட்டோம். உப்பு அதிகம். இப்படிக்கு, வார்டன்." அதோடு கடிதம் கேட்பது நின்றது. வருடம் முடிவதற்குள் என்னையும் நிறுத்திவிட்டார்கள்.

அறுவடை முடிந்த சமயம் ஏம்பலம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். ஓரமாக ஒரு பழைய பேனரை விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் ரோஜாப்பூ தெரிந்தது. காலால் நெல்லைத் தள்ளிப் பார்த்தேன். கடிதம் அப்படியே இருந்தது, வெயிலும் மழையும் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. நெல் துழாவிக்கொண்டிருந்த அம்மாவிடம் அந்தத் துண்டை அறுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "நெல்ல அள்ற வரிக்கும் இரு, அப்புறம் எடுத்துனு போ" என்றாள்.

மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நெல்லை அள்ளியதும் அவளிடமே அரிவாளை வாங்கிக் கடிதத்தை மட்டும் அறுத்தெடுத்தேன். கும்பிட்டுக்கொண்டிருந்த ஆளை நெல்லுக்கே விட்டுவிட்டேன்.