கோல்கீப்பர் தொப்பி குறித்த தீர்மானம்

அந்தத் தொப்பியை நான் முதலில் மூக்கால்தான் அறிந்தேன். ஊட்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் சேணம் தைக்கிற ஒருவரிடம் சொல்லிச் செய்த தோல் தொப்பி அது. உள்ளே தேங்காய் நாரைத் திணித்து, இரண்டு பக்கமும் காதை மூடும்படி மடல் வைத்து, தாடைக்குக் கீழே வாரால் இறுக்கிக் கட்டும்படி தைத்திருந்தார். சாக்கைப் பிரித்தபோது என் அலுவலக அறை முழுவதும் குதிரை லாயம் போல நாறியது. காய்ந்திருக்கும்போது தலையில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்த கனம் இருக்கும். நனைந்தால் பூசணிக்காய்தான். குன்னூர்ப் பக்கத்து மழைக்காலத்தில் ஒரு பொருள் நனையாமல் இருக்கும் என்று நம்பி அதைச் செய்யச் சொன்னவர்கள் எல்லோரும் அந்த மலையிலேயே வாழ்ந்தவர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. போன வாரம் ஹெல்மெட் போடாத என் மருமகனைக் குன்னூர்ச் சாலையில் நிறுத்தி அபராதம் எழுதிய காவலரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. விதியும் சரி, ஹெல்மெட்டும் சரி. இரண்டும் ஒருசேரச் சரியாக இருப்பதைப் பார்க்க எனக்கு ஓய்வூதியம் வாங்கும் வயது ஆகியிருக்கிறது.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கப்பலேறித் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கென்று நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் நான் எழுத்தராக இருந்தேன். யாரை எடுப்பது, யாரை நிரந்தரமாக்குவது, யாருக்கு விளக்கம் கேட்டு எழுதுவது என்பதெல்லாம் என் மேசை. அத்துடன், சுற்றுவட்டாரத் தோட்டங்களும் குந்தாப் பக்கத்து மின்நிலையத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கால்பந்து லீக்கின் கௌரவச் செயலாளர் பதவியும் என் தலையில் விழுந்தது. எனக்குப் பந்தாடத் தெரியாது. தீர்மானம் எழுதத் தெரியும். லீக்குக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது.

எங்கள் தோட்டத்து அணியின் கோல்கீப்பரை எல்லோரும் கீப்பர் என்றே கூப்பிட்டார்கள். இலங்கையிலிருந்து வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, மனைவியோடு மலையேறியவர். அங்கே தான் பெரிய ஆட்டக்காரன் என்பதை அவரே எங்களுக்குச் சொன்னார். அடக்கம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. எல்லோரும் இறங்கிய பிறகே மைதானத்துக்குள் வருவார். வருமுன் தலையைச் சீவுவார். சீப்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்வார். முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன் தவறு செய்தால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்கு வகுப்பெடுப்பார். இவ்வளவையும் நாங்கள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவர் நிற்கும் கோலுக்குள் பந்து போவது அரிது என்பதுதான்.

எங்கள் மேனேஜருக்குக் கோப்பைமேல் ஆசை. கீப்பரைத் தொழிற்சாலையில் தற்காலிக ஆளாக எடுத்து, கோப்பில் ஒரு நிபந்தனை எழுதச் சொன்னார். பருவத்தின் எல்லா லீக் ஆட்டங்களையும், தடை எதுவும் வாங்காமல் ஆடி முடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் பருவத்தோடு வேலையும் முடிந்தது. ஜெயிக்க வேண்டும் என்று அதில் இல்லை. அதை எழுதியவன் நான், எனக்குத் தெரியும். நிரந்தரமானால் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அவர்கள் இருந்த அறை அவர்களுக்கு நிலைக்கும். ஆகாவிட்டால், ஒரு நாட்டிலிருந்து அனுப்பப்பட்ட மனிதர் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தத் தடவை எங்கே என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

மைதானம் தொழிற்சாலைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கிவிடும். அதை மூடுபனி என்று மலையில் யாரும் சொல்வதில்லை. முதலில் எதிர்க்கோல் மறையும், பிறகு நடுக்கோடு, பிறகு பக்கத்தில் நிற்பவனின் கால்கள். இரண்டு கோலும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம் என்பது பொது வழக்கம். எங்கள் லீக்கில் அதைக் கடைப்பிடித்திருந்தால் மழைக்காலத்தில் ஓர் ஆட்டமும் முடிந்திருக்காது. ஆகவே நடுவர்கள் தெரிகிறது என்று சொல்லி ஆடவிட்டார்கள். அப்படி ஒருநாள் மின்நிலைய அணியின் கீப்பர் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டு விழுந்தார். ஆட்டம் மறுமுனையில் நடந்துகொண்டிருந்ததால் அவர் விழுந்ததே ஒருவருக்கும் தெரியவில்லை. பந்து திரும்பி வந்தபோது கோலில் ஆள் இல்லை, ஆகவே கோல். அதைக் கொண்டாட ஓடியவன்தான் அவர்மேல் தடுக்கி விழுந்தான்.

லீக்கின் தலைவர் பக்கத்து எஸ்டேட் மேனேஜர். ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயமுத்தூர்ப் பக்கம். மறுவாரமே அவசரக் கூட்டம் கூட்டினார். ஞாயிறு காலையில், மிஸ்ட் வருமுன், ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். காலையில் தமக்கு நாய்களைக் குளிப்பாட்டும் வேலை இருப்பதாக மேஜர் சொன்னார். அது குறிப்பில் ஏறவில்லை. ஏறியது, கோல்கீப்பர்கள் அனைவரும் லீக் அங்கீகரித்த தலைக்காப்பை ஆட்டம் முழுவதும் அணிய வேண்டும் என்ற தீர்மானம்தான். ஒருமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் ஒருவர்கூடக் கோலில் நின்றவர் இல்லை.

தீர்மானத்துக்குப் பிந்திய முதல் ஆட்டத்தில் கீப்பர் தொப்பியை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வந்தார், செத்த பெருச்சாளியைத் தூக்குவது போல. நடுவர் விதியைக் காட்டினார். கட்டிக்கொண்டார். மிஸ்ட் இறங்கியது. அவருக்குத் தெரியாமலே இரண்டு கோல்கள் விழுந்தன. இரண்டாவது விழுந்த பிறகும் அவர் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார். கரையிலிருந்து ஒருவன், "ஏனுங்க கீப்பரு, பந்து உள்ள வந்து ரொம்ப நேரமாச்சுங்க, உக்கார வெச்சு டீ குடுங்க" என்றான். கீப்பர் வாரை அவிழ்த்துத் தொப்பியைத் தேயிலைச் செடிகளுக்குள் வீசினார். அதன்பின் ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. நடுவர் மட்டும் புகார் எழுதினார்.

விசாரணை என் அறையில் நடந்தது. கீப்பர் சீவிய தலையோடு வந்து, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்க மண்டைக்குத்தானுங்களே இத்தனையும் பண்ணியிருக்குது? போட்டா என்னங்க?" என்றார் மேஜர்.

"ஏலாதுங்க தொரை."

ஏலாது என்றால் முடியாது, இலங்கைக்காரர்களின் சொல். மேஜருக்கு அதற்குள் அது பழகியிருந்தது.

"ஏன் ஏலாதுங்க?"

"அது காத அடைக்குது. மிஸ்ட்டுக்குள்ள பந்து கண்ணுக்குப் பொறகுதான் வரும், காதுக்கு முந்தி வரும். பூட்ஸ் நுனியில பட்டா ஒரு சத்தம், பக்கவாட்டுல பட்டா வேற சத்தம். அங்கன எங்க கிரவுண்டு மலை உச்சியில. நான் பாத்துப் புடிச்சதவிட கேட்டுப் புடிச்சதுதான் கூட. இந்த லீக்குல என்னையப் போல ஒரு கீப்பர் இல்லேன்னு தொரைக்கே விளங்கும்தானே?"

கடைசி வாக்கியத்தை அவர் விட்டிருக்கலாம். மேஜரின் முகம் சிவந்தது. காது மடலில் இரண்டு ஓட்டைகள் போட்டுக்கொள்ள அனுமதிக்கலாமே என்று நான் குறுக்கே புகுந்தேன். ஓட்டை போட்டால் அது லீக் அங்கீகரித்த தொப்பி ஆகாது என்றார் மேஜர். விதியைத் திருத்தலாம் என்றேன். திருத்தத்துக்குப் பொதுக்குழு வேண்டும், பொதுக்குழுவுக்கு முன்னறிவிப்பு வேண்டும், முன்னறிவிப்பு முடிவதற்குள் பருவம் முடிந்துவிடும். இது என் வாயிலிருந்தே வர வேண்டியிருந்தது, ஏனென்றால் மேஜர் என்னிடம்தான் கேட்டார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது.

"மெடிக்கல் கிரவுண்டுன்னா விலக்கு குடுக்கலாமுங்க. காது கேக்கலைன்னு டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. ஓட்டை போட்டுக்கலாம்."

கீப்பர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கேக்காதவனுக்கு ஓட்டை எதுக்குங்க தொரை?"

"சர்ட்டிபிகேட்டுக்குங்க" என்றார் மேஜர். அவர் கேலி செய்யவில்லை.

அந்தச் சான்றிதழை வாங்கினால் நிரந்தரம் ஆவதற்கான உடல் தகுதிப் பரிசோதனையில் அதே காதுகளுக்காகக் கீப்பரைத் தள்ளிவிடுவார்கள் என்று நான் விளக்கினேன். அது லீக்கின் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. முடிவில் எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். அடுத்த முறை தொப்பியைக் கழற்றினால் பருவம் முடியும்வரை தடை. எச்சரிக்கை தடை ஆகாது என்று எங்கள் மேனேஜரிடம் வாதாடி, அதுவரை கீப்பரின் வேலைக்குச் சேதமில்லாமல் பார்த்துக்கொண்டேன். மீதி இருந்தது ஒரே ஓர் ஆட்டம். ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. தோற்றால் மின்நிலையத்துக்கு.

ஆட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் நான் லயத்துக்குப் போனேன். கீப்பர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைப் போட்டு ஆட மாட்டேன், போடாமல் ஆடுவேன், யார் தடுத்தாலும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த அவர் மனைவி, கூடையைக்கூட இறக்காமல் நின்று கேட்டார்.

"கிளாக்கரய்யா, தொப்பியப் போட்டு ஆடி, தோத்துப் போனா வேலை போகுமா?"

"போகாதும்மா. ஆடி முடித்தால் போதும்."

"எத்தின கோலு உட்டாலும்?"

"எத்தனை விட்டாலும்."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சா? காதுதான் நல்லாக் கேக்குமே ஒனக்கு. தொப்பியப் போட்டுக்கிட்டு நின்னு, வாரதெல்லாம் வரட்டும்னு உடு. அங்கன போ இங்கன போன்னு இனி என்னால மூட்டை தூக்க ஏலாது."

"நீ வெளங்காமக் கதைக்காத. கோலுல நிக்கிறவன் எப்படிப் புள்ள கோலு உடுவான்?"

"நான் சரியா வெளங்கித்தான் கதைக்கிறன். கோப்பைய மேனேஜர் வீட்டு அலமாரியிலதான வைப்பாங்க. இந்த அறையிலயா வைப்பாங்க?"

கீப்பர் மெழுகு ஏறிய பூட்ஸையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விடைபெற்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் அவர் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குள் வந்தார். தலை சீவியிருக்கவில்லை. தொப்பியை வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார். காலையிலிருந்தே தூறல், தொப்பி நனைந்து அவர் கழுத்து முன்னால் சாய்ந்திருந்தது. அன்று ஐந்து கோல்கள் விழுந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் பாய்ந்தார், ஆனால் பந்து கண்ணுக்குத் தெரிந்த பிறகே பாய்ந்தார், அதற்குள் காலம் கடந்திருந்தது. கரையிலிருந்து பூசணிக்காய் என்று கத்தினார்கள். அதுவாவது அவர் காதில் விழுந்திருக்காது என்று நம்புகிறேன். நான்காவது கோலுக்குமுன் எங்கள் தடுப்பாட்டக்காரன் பின்னோக்கி ஓடிவந்தான். "விடு, விடு" என்று அலறிக்கொண்டே வந்தான். கீப்பருக்குக் கேட்கவில்லை. இரண்டு மண்டைகளும் மோதின. தடுப்பாட்டக்காரனுக்குத் தையல் போட வேண்டியிருந்தது. கீப்பர் எழுந்து நின்றார்.

மேஜர் குடையோடு ஓடிவந்து என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா செக்ரட்டரி? தொப்பி மட்டும் இல்லாட்டி மண்டை போயிருக்குமுங்க." தொப்பி இல்லாவிட்டால் அந்த அலறல் கேட்டிருக்கும், விலகியிருப்பார் என்று நான் சொன்னேன். அதையும் சேர்த்து அறிக்கையில் எழுதிக்கொள்ளச் சொன்னார், தொப்பிக்கு ஆதரவாக. அந்த மனிதரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எதிர்த்து ஏதாவது செய்திருக்கலாம்.

கீப்பர் நிரந்தரமானார். மேனேஜர் கோபத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். நிபந்தனையை அவருக்கே வாசித்துக் காட்டினேன், போட்டார். கொழுந்தை வாட்டப் பரப்புகிற மேல்மாடியில் கீப்பருக்கு வேலை. அவர் வந்து உத்தரவை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இனி பந்து ஆடாட்டியும் இந்த வேலைய யாரும் புடுங்க ஏலாதுதானே?" முடியாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பின் அவர் மைதானத்தில் இறங்கவில்லை.

தொப்பிகள் அந்த மழைக்காலத்திலேயே பூசணம் பிடித்தன. புதிதாகச் செய்யக் குழுவில் யாருக்கும் மனமில்லை. விதி ரத்தாகவில்லை, தொப்பி இல்லாததால் அதைக் கேட்பார் இல்லை, அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் கோயமுத்தூரிலிருந்து ஓர் அணி எங்கள் மைதானத்துக்கே வந்து லீக்கின் கூட்டு அணியோடு ஆடியது. இடைவேளைக்குப் பிறகு மிஸ்ட் இறங்கியது. எங்கள் புதிய கீப்பர் மூன்றை உள்ளே விட்டிருந்தார். மேஜர் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொழிற்சாலை மாடிக்கு ஏறினார். கீப்பரை மட்டும் ஆட்டத்தின் நடுவில் மாற்றலாம் என்று எங்கள் விதியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, விசிறிகள் ஓடவில்லை. கீப்பர் தனியாக நின்று கொழுந்தைக் கைகளால் உதறிப் பரப்பிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. மைதானம் அங்கே இருப்பதற்கு அடையாளமே இல்லை.

"ஏனுங்க, வந்து நில்லுங்க. தொப்பி வேண்டாமுங்க. நானே சொல்றேன்" என்றார் மேஜர்.

"ஏலாதுங்க தொரை. வேலை கெடக்கு."

மேஜர் என் பக்கம் திரும்பினார். "செக்ரட்டரி, நிரந்தரமான ஆளை ஆடச் சொல்றதுக்கு ரூல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். நான் பணியில் இருந்த காலமெல்லாம் ஒரு விதி இல்லை என்பதை அவ்வளவு மகிழ்ச்சியோடு சொன்னது அந்த ஒரு தடவைதான்.

கீழே எங்கோ ஈரப் பந்தை யாரோ உதைத்தார்கள். எனக்கு அது வெறும் சத்தம். கீப்பரின் கைகள் கொழுந்துக்குமேல் நின்றன. அவர் உடம்பு இடது பக்கம் ஒரு சாய்வு சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது.

"எடது கம்பத்த ஒட்டி" என்றார்.

விசில் அதற்குப் பிறகுதான் கேட்டது. மேஜர் வெள்ளையான ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோலுங்களா?" என்று கேட்டார்.

"நாலு" என்றார் கீப்பர், குனிந்து அடுத்த கை கொழுந்தை அள்ளிக்கொண்டே.