உடைத்துக் காட்டியவர்

தூத்துக்குடி வீட்டிலிருந்தே குறியாக்க ஆராய்ச்சி செய்கிறேன். தகவல்களைப் பூட்டிவைக்க நான் பல வருடம் பாடுபட்டு உருவாக்கிய முறையை யாராலும் உடைக்க முடியாது என்று நம்பியிருந்தேன். ஒரு மதியம், முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பெண் ஒருவர் அதை உடைத்துக் காட்டி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். சரிபார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டும் என் கணவர் வேலை முடிந்து வந்தார்.

“ஏளா, என்ன, சோறு அப்படியே இருக்கு?”

நடந்ததைச் சொன்னேன்.

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டாளா?”

“இல்ல, எனக்கு மட்டுந்தான் எழுதியிருக்கா.”

“அப்ப அவ நம்ம ஆளுல்லா!”

அழுகையோடு சிரிப்பும் வந்தது. அன்றே அந்தப் பெண்ணுக்கு நன்றி எழுதினேன். ஓட்டையை இருவரும் சேர்ந்தே அடைத்தோம். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையும் இருவர் பெயரில்தான் வந்தது. இப்போது எதை உருவாக்கினாலும் முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறேன், உடைத்துப் பாருங்கள் என்று.