மார்லிஸின் முன்பதிவு

டயரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்க்காமல் மார்லிஸ் எந்த வண்டியிலும் ஏற மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு செப்புக் காசை எடுப்பார், டயரின் பள்ளத்தில் தலைகீழாகச் செருகுவார், காசில் இருக்கும் தலை எவ்வளவு மறைகிறது என்று குனிந்து பார்ப்பார். நான்கு சக்கரத்துக்கும் இது நடக்கும். பிறகு நிமிர்ந்து, "தாங்கும்" என்பார். ஆல்பனியில் ஒரு டயர் கடையின் கவுண்டரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவருக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அந்தக் கடைக்கு என் அப்பா வெர்னன் ஒரே கோடையில் நான்கு முறை போனார். புல் விதை ஏற்றும் லாரி ஓட்டுபவருக்கு டயர் தேய்வது சகஜம்தான். ஆனால் நான்காவது முறை அவர் உருட்டிக்கொண்டு போனது ஒரு சைக்கிளை. அந்தக் கடையில் சைக்கிளுக்கு எதுவும் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். வாய் திறந்து பத்து வார்த்தை பேசாத மனுஷன், வேறு எப்படித்தான் காதலைச் சொல்வார்?

அம்மா லொரேன் இறந்து அப்போது இரண்டரை வருடம். எனக்கு இருபத்துமூன்று வயது, தம்பி ட்ராவிஸுக்கு இருபது. மாற்றாந்தாய்க்குப் பயப்படுகிற வயதில்லை. ஆனாலும் முறைத்துக்கொண்டோம். அதற்கு வயது வரம்பு கிடையாது.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், என் பட்டமளிப்பு விழாவைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். ஆகஸ்ட் பயணத்தை மட்டும் தள்ளிப்போட்டதில்லை. ஆறு நாள், பழைய வேன், நூற்றொன்றாம் நெடுஞ்சாலை. அஸ்டோரியாவில் தொடங்கி, கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, கலிஃபோர்னியா எல்லை வரைக்கும் இறங்குவோம். அம்மா போன பிறகு மூன்று ஆகஸ்ட் அப்படியே கடந்து போயின. துக்கம் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். நிஜத்தில், கூடாரம் போடும் இடங்கள் தானாகக் கிடைப்பதில்லை என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகஸ்டில் தூங்க வேண்டிய இடத்துக்குப் பிப்ரவரியில் எழுந்திருக்க வேண்டும். கடலோர கேம்புகளுக்கு முன்பதிவு சரியாக ஆறு மாதத்துக்கு முன்னால், அந்தந்தத் தேதிக்கு, காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஏழு மணி நான்கு நிமிடத்துக்குக் கடல் பார்த்த இடமெல்லாம் போய்விடும். ஐந்து இரவுக்கு ஐந்து காலை. அம்மா அதை எப்போது செய்தாள் என்றே நாங்கள் கவனித்ததில்லை. இடம் கிடைக்காத வருடம் ஒன்று கூட இருந்ததில்லை, அவ்வளவுதான் தெரியும்.

மார்லிஸ் கடலே இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர். நாற்பத்தேழு வயது வரைக்கும் கடலைப் பார்த்ததே இல்லை. கல்யாணம் ஆன முதல் பிப்ரவரியில் அப்பாவிடம் கேம்புகளின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஐந்து நாள் விடியலில் எழுந்து கணினி முன் உட்கார்ந்து எல்லா இடத்தையும் பிடித்துவிட்டார். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்ததற்கு யாரும் நன்றியும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மலை முகட்டுச் சாலையில் வண்டி வளையும்போதெல்லாம் அவர் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "அப்பா மெதுவாத்தான் ஓட்டறாரு" என்று நான் சொன்னால், "வெர்னை நம்பறேன் கண்ணு. ரோட்டதான் நம்பல" என்பார். ஐஸ் பெட்டியில் அவர் அடுக்கும் முட்டை சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் மூன்றாம் நாள் வரைக்கும் வரும். கடலில் கால் நனைக்க மாட்டார். கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, எங்கள் துண்டுகளைக் காவல் காப்பார்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடல் முதன்முதலில் கண்ணில் பட்டதும் யார் முந்திக் கத்துகிறார்களோ அவர்கள்தான் அன்றைய இரவுச் சாப்பாட்டை முடிவு செய்ய வேண்டும். மார்லிஸ் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. பார்வை மந்தம் போல என்று நினைத்திருந்தேன். ஒரு வருடம் தற்செயலாகத் திரும்பினேன். எங்களுக்கெல்லாம் முன்பே கடலைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, ட்ராவிஸ் கத்துவதற்காகக் காத்திருந்தார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

நான்காவது பயணத்தில் ட்ராவிஸ் கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டான். "இதான் கடைசி. அடுத்த வருஷம் நான் வரல. இருபத்திநாலு வயசுல அப்பா அம்மாவோட டூர் போறவன் நான் ஒருத்தன்தான்."

"அம்மாவோடன்னு சொல்லிட்ட, பாரு" என்று கிண்டல் செய்தேன்.

"வாய் தவறி வந்துச்சு. நீ சும்மா இருடி."

முன்சீட்டில் இருந்த மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதில் விழவில்லை என்று காட்டுவதற்காக வெளியே தெரிந்த மாடுகளை எண்ணினார். அவரைப் பொறுத்தவரை அந்த ஆறு நாள்தான் அவருக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே சொந்தம். மற்ற நாட்களில் அவர் அப்பாவின் மனைவி. பயணத்தில் மட்டும் எங்களோடு ஒரே சாலடைச் சாப்பிடும் நான்காவது ஆள்.

மூன்று இரவு ஒரு குறையும் இல்லாமல் போனது. நான்காம் நாள், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹெரன் பாயின்ட் கேம்புக்குள் நுழைந்தோம். எங்கள் இடம் நாற்பத்திரண்டு, நேரே கடலைப் பார்த்தது. போனால் அங்கே வேறொரு கூடாரம். கயிற்று ஊஞ்சலில் இரண்டு பெண் குழந்தைகள் தலைகீழாகத் தொங்கின. அவர்களின் அப்பா சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்.

கேம்பைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் ஆரஞ்சு நிற மேலங்கியோடு வந்தார். அட்டையில் செருகிய தாள்களைப் புரட்டினார்.

"பேரு சொல்லுங்கம்மா."

"ஆஸ்ட்பி. மார்லிஸ் ஆஸ்ட்பி. ஆகஸ்ட் பதினஞ்சு."

"ஆஸ்ட்பி... இருக்கே. ஜூலை பதினஞ்சு." தாளைத் திருப்பிக் காட்டினார். "போன மாசம் உங்களுக்காக மறுநாள் மத்தியானம் வரைக்கும் காலியா வச்சிருந்தோம். வரலியேன்னு எம் பொண்டாட்டிகூட வருத்தப்பட்டா."

"வேற ஒரு இடம்? எதாவது ஒரு மூலையில?"

"ஆகஸ்ட் சனிக்கிழமைல எங்கம்மா இருக்கும்? என் நாய்க்கே இடமில்ல."

மார்லிஸின் முகம் வெளுத்துவிட்டது. பிப்ரவரி பதினைந்தாம் தேதி ஏழு மணிக்கு ஆகஸ்ட் முழுக்கச் சிவப்பாகிவிட, பதற்றத்தில் அம்புக்குறியை முன்னும் பின்னும் அழுத்தியிருக்கிறார். ஒரே ஒரு கட்டம் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. மாதத்தைப் பார்க்காமல் அதை அழுத்திவிட்டு, கிடைத்துவிட்டது என்று காபி போடப் போயிருக்கிறார். வந்த உறுதிக் கடிதத்தை அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியும் வைத்தார். ஆறு மாதம் நாங்கள் நான்கு பேரும் அந்தக் கதவைத் திறந்துதான் பால் எடுத்தோம். ஜூலை என்று கொட்டை எழுத்தில் இருந்ததை ஒருவரும் படிக்கவில்லை.

இதெல்லாம் ட்ராவிஸுக்கு அப்போது தோன்றவில்லை. பசி வேறு. "அம்மா இருந்தப்ப ஒரு தடவ கூட இப்படி ஆனதில்ல" என்றான்.

அவனை அதட்டியிருக்க வேண்டும். ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்லிஸ் வேனில் ஏறினார். டயரைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார். "அடுத்த வருஷம் நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. கிரெட்சன், கேம்ப் பேரெல்லாம் எழுதித் தர்றேன். நான் வீட்ல இருக்கேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். முடிவு செய்துவிட்டுச் சொன்னார். அப்பா கண்ணாடியில் எங்களை ஒரு முறை பார்த்தார், வண்டியை எடுத்தார்.

ஆறு மோட்டலில் கேட்டோம், ஆறிலும் இடம் இல்லை. கடைசியில் ஒரு மீன்பிடித் துறைமுகம். விடியலில் படகில் போகிறவர்கள் வண்டியிலேயே தூங்கிக்கொள்ள அங்கே ஒரு சரளைக்கல் மைதானம் விட்டிருந்தார்கள். வேனை அங்கே நிறுத்தினோம். வெயில் இன்னும் இருந்தது. படகுத் துறையில் கடற்சிங்கங்கள் இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, எங்களைப் போலவே. பக்கத்துக் கடையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் நான்கு கூடை வாங்கி, மர மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். மார்லிஸ் தன் கூடையைத் தொடவில்லை.

வயிறு நிறைந்ததும் ட்ராவிஸுக்குப் புத்தி வந்தது. செய்த தப்பைச் சரிக்கட்டத் தனக்குத் தெரிந்த ஒரே வழியாக, கதை சொல்ல ஆரம்பித்தான்.

"இது கூட நல்லாத்தான் இருக்கு. சீஸ் ராத்திரி மாதிரி. மார்லிஸ், உங்ககிட்ட சொன்னதில்லையே? எனக்கு ஏழு வயசு. கொட்டற மழை. அம்மா திடீர்னு, 'இன்னிக்கு கேம்ப் கிடையாது, நாம எல்லாரும் கடல் கொள்ளைக்காரங்க'ன்னுட்டா. சீஸ் ஆலை வாசல்ல வேன நிறுத்திட்டு, ஜன்னலுக்கெல்லாம் துண்டு கட்டி, ராத்திரி முழுக்க சீஸையே தின்னோம். எங்க எல்லா டூர்லயும் அதான் பெஸ்ட். இல்ல கிரெட்சன்?"

"அதேதான்" என்றேன். உண்மையாகவே அதுதான்.

அப்பா கையிலிருந்த மீனைக் கூடையில் வைத்தார்.

"உங்கம்மா அடுத்த வருஷத்துக்குப் போட்டுட்டா" என்றார்.

"என்னது?"

"கேம்ப். அடுத்த வருஷ ஆகஸ்ட் தேதிக்குப் போட்டுட்டா. அப்பல்லாம் தபால்ல எழுதிப் போடணும், ஒரு வருஷம் முன்னாடியே போடலாம். போய் நின்னோம், இடம் இல்ல. நீங்க ரெண்டு பேரும் பின்னால தூங்கிட்டு இருந்தீங்க. சீஸ் ஆலை பாத்ரூம்ல போய் அரை மணி நேரம் அழுதா. அப்புறம் மூஞ்சியக் கழுவிட்டு வந்து கொள்ளைக்காரின்னா." அப்பா வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. "புள்ளைங்க கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

நானும் ட்ராவிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதினேழு வருடம் நாங்கள் கொண்டாடிய அந்த இரவு, அம்மா அழுது முடித்த பிறகு அவள் கட்டி எழுப்பியது. அவளை அந்த நிமிடம் நேசித்தது மாதிரி நான் எப்போதும் நேசித்ததில்லை.

மார்லிஸ் நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன். தப்புச் செய்தது தான் மட்டுமில்லை என்று தெரிந்துவிட்டதே. அவரோ மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கூடைகள் குலுங்கின.

"வெர்ன்! அவ சொல்லாதன்னு கேட்டாளா இல்லியா?"

"கேட்டா. ஆனா நீ இப்படி உக்காந்திருக்கறதப் பாத்து..."

"நான் எப்படி வேணா உக்காருவேன்! ஒரு மனுஷி உன்னை நம்பிச் சத்தியம் வாங்கியிருக்கா. அவ இல்லைங்கறதுக்காகப் போட்டு உடைச்சுடுவியா? அவ என்ன நெனப்பா? பிள்ளைங்க முன்னாடி அவள ஏன் விட்டுக்குடுத்த?"

கண் நிறைந்திருந்தது. தனக்காக இல்லை. பார்த்தே இராத எங்கள் அம்மாவுக்காக, எங்கள் அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக அம்மாவின் இடத்தை இவர் எடுத்துக்கொள்வாரோ என்று நாங்கள் காவல் காத்தோம். எங்களைவிடக் கவனமாக அதைக் காத்தவர் இவர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அவர் பக்கத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்" என்றார்.

"தப்புதான்னா போதாது. ரெண்டு பேரும் இங்க பாருங்க." மார்லிஸ் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்கப்பா எதுவும் சொல்லல, நீங்க எதுவும் கேக்கல. லொரேன் அன்னிக்குக் கொள்ளைக்காரிதான். சத்தியம் பண்ணுங்க."

நான் உடனே சத்தியம் செய்தேன். இதை எழுதும்போது அதை மீறியதாகத்தான் ஆகிறது. இத்தனை வருடம் தாங்கியதே பெரிது.

ட்ராவிஸ் மட்டும் செய்யவில்லை. மேசையில் சிந்தியிருந்த உப்பை விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"நான் பண்ணணும்னா ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"அடுத்த வருஷம் நீங்க வரணும்."

"நீதானப்பா வர மாட்டேன்ன?"

"நான் எப்ப சொன்னேன்?"

"புதன்கிழமை. மாட்டுப் பண்ணை தாண்டும்போது."

"அது கேட்டுச்சா உங்களுக்கு?" ட்ராவிஸின் காது சிவந்தது. "அப்ப இதையும் நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க இல்லாம நான் வர மாட்டேன். சத்தியம்."

மார்லிஸ் அவனையே பார்த்தார். பிறகு ஆறிப்போன மீன் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.