காலி அறைக்கு எழுந்து நின்றவர்கள்

எங்கள் அப்பாவைப் போல நிலநடுக்கத்துக்குப் பயந்தவர் நாங்கள் குடியிருந்த லம்பா லைன் பகுதியிலேயே கிடையாது. அந்தமானில் நிலம் அவ்வப்போது லேசாக ஆடுவது வழக்கம்தான். மற்ற வீடுகளில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார்கள். அப்பா மட்டும் சட்டைகூடப் போடாமல் என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவார். எதிர்வீட்டு வங்காளிப் பெண்கள் சிரிப்பார்கள். "சிரிச்சா சிரிக்கட்டும். உசுரு இருந்தாத்தானே நாமளும் சிரிக்க முடியும்" என்பார்.

டெலானிபூர் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போன புதிதில், ஒரு நாள் வீட்டில் ஒரு கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அங்கே முன்பு ஒருமுறை நிலம் ஆடியபோது, தெலுங்கு குமாஸ்தா ஒருவர் முதல் ஆளாக வெளியே ஓடினாராம். அப்போது இருந்த சாப், அதாவது பெரிய அதிகாரி, எல்லாரையும் கூட்டிவைத்து, "ஹம் பைட்டே ஹைன், தும் பாக் கயே?" என்று அவரைக் கேட்டிருக்கிறார். நான் உட்கார்ந்திருக்கும்போது நீ எப்படி ஓடலாம் என்று அர்த்தம். அடுத்த கப்பலிலேயே குமாஸ்தாவை ஹட் பே என்கிற தூரத்துத் தீவு ஊருக்கு மாற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த சாப் மெயின்லேண்டுக்குப் போய், வேறு இரண்டு சாப்கள் வந்தாயிற்று. ஆனால் சாப் எழாமல் யாரும் எழக்கூடாது என்பது மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. "எழுதி வச்ச ரூலா என்ன? மடப்பசங்க" என்றார் அப்பா.

ஒரு வருடம் ஓடியிருக்கும். சித்தி கல்யாணத்துக்காக அம்மா கப்பலில் சென்னை போயிருந்தாள். எனக்கு எட்டு வயது. பரீட்சை இருந்ததால் அப்பாவோடு தங்கிவிட்டேன். பள்ளி விட்டதும் ஆட்டோக்காரர் என்னை அப்பாவின் அலுவலகத்தில் இறக்கிவிடுவார். அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த வாரம் சாப் விடுப்பில் மெயின்லேண்டு போயிருந்தார். அவர் அறை சாத்திக் கிடந்தது. அப்படியும் அதைத் தாண்டும்போது எல்லாரும் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள். அப்பாவும் அப்படித்தான் நடந்தார். வீட்டில் அவர் நடந்தால் பாத்திரம் அதிரும்.

மூன்று மணி இருக்கும். முதலில் பீரோக் கதவுகள் படபடத்தன. பிறகு தரை நகர்ந்தது. நான் எழப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அங்கிருந்த பன்னிரண்டு பேரும் கோப்புகளின் மேல் கைகளை வைத்தபடி சாப்பின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து காரை உதிர்ந்து ஒருவர் தலையில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"அப்பா, வெளிய போலாம்ப்பா" என்றேன்.

"உஷ்" என்றார்.

அப்போது அந்தக் காலி அறைக்குள் சாப்பின் சுழல் நாற்காலி தானாகக் கரகரவென்று உருண்டு சுவரில் மோதியது. அவர் எழுந்திருக்கும்போது கேட்கும் அதே சத்தம். பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். அப்பாவும் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்து நின்றார். கதவு திறக்கவில்லை. நிலம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் அந்தக் கதவைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தார்கள்.

ஆட்டம் நின்றபின் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒருவர் பியூனைப் பார்த்து, "சாய் லாவ், பாய்" என்று டீ கேட்டார்.

மாலையில் அம்மா போன் செய்தாள். டிவியில் சொன்னார்களாம். "புள்ளையத் தூக்கிட்டு வெளிய வந்துட்டீங்கல்ல?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"அப்பா ஓடவே இல்லம்மா. பயப்படவே இல்ல" என்றேன். பயம் தெளிந்ததும் எனக்கு அவ்வளவு பெருமை. இனி யாரும் என் அப்பாவைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

"அப்பாகிட்ட குடு" என்றாள் அம்மா. போனைத் திருப்பி நீட்டினேன். அப்பா வாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். புகழ்ந்தால் கூச்சப்படுகிற மனிதர் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.