ரோசம்மாள் கடைத் தண்ணீர்ப்பானை

சுற்றுலா இடத்துக் கடைகளுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்கப் போகிறவன் மூக்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகணும்ங்க. திருப்பூர்ப் பக்கம் நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனியில் ஓட்டை தேடும் செக்கிங் வேலையை விட்டு, செல்போன் எல்லார் சட்டைப்பைக்கும் வந்துகொண்டிருந்த காலத்தில் இந்த வேலையில் மாட்டினேன். என்னை மாதிரி நோட்டோடு அலைந்தவர்களுக்குத்தான் இந்தப் பாடு புரியும்.

மூடி

எனக்கு ஒதுக்கின அணைக்கட்டில் மீன் வறுத்து விற்ற ரோசம்மாள், தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பனியன் தைக்க வந்தவர். பிறகு கணவர் அந்தோணியோடு கடை போட்டார். நான் போனதற்கு முந்தின வருஷம் கடைக்குத் தண்ணீர் மொள்ள அணையில் இறங்கிய அந்தோணி திரும்பவில்லை. ஆளும் கிடைக்கலை, குடமும் கிடைக்கலை.

நான் முதல் தடவை போனபோது கடையில் குடிதண்ணீர்ப் பானை திறந்தே கிடந்தது. நானே மூடினேன். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மூடி தரையில். இப்படி மூன்று தடவை. எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏனுங்க, விளையாடறீங்களா?" என்றேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டபடியே, வீட்டுக்காரரைச் சொல்கிற மாதிரி சொன்னார்: "மூடிப்போட்டா அவிய எங்கன ஊத்துவாவ, சார்?"

மஞ்சளாகாத தண்ணீர்

குளோரின் போட்ட தண்ணீரில் சோதனைச் சொட்டுமருந்து விட்டால் மஞ்சளாகும். ரோசம்மாள் கடைத் தண்ணீர், சுகாதார அதிகாரி செய்த ரெண்டு சோதனையிலும் மஞ்சளாகலை. மூணாவதிலும் தேறாவிட்டால் கடையை எடுத்துவிடுவார்கள். அந்தக் கடையை விட்டால் அவருக்கும் ரெண்டு பெண் பிள்ளைகளுக்கும் வேறு சோறு இல்லை.

நானே காய்ச்சி ஆறிய தண்ணீரை அரைப்பானை ஊற்றி, குளோரின் போட்டுப் பார்த்தேன். நல்ல மஞ்சள். பானை வாயில் வெள்ளைப் பனியன் துணியை இழுத்துக் கட்டி, பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். யாரும் கிட்டே வரலை. அவிழ்க்கப் போனால் முடிச்சு போட்டபடி இருக்கு, துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கு, பானை விளிம்பு வரைக்கும் தண்ணீர்! மேலே ஒரு இழை பாசி. சொட்டு விட்டேன், நிறமே மாறலை. பக்கத்து டீக்கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "போன தடவை வந்த சாரும் இப்படித்தான் முடிச்சையே பாத்துட்டு நின்னாருங்க. அப்புறம் அவரு வரவே இல்லீங்க."

நீல பக்கெட்

மூணாவது சோதனையன்று வெள்ளென போனேன். கடைக்குப் பின்னால், அணைத் தண்ணீர்ப் பக்கமாக ஒரு நீல பக்கெட்டை வைத்தேன். வெட்கத்தை விட்டு, வகுப்பில் சொல்கிற மாதிரியே சத்தமாகச் சொன்னேன்: "அந்தோணி அண்ணா, அணைத் தண்ணியக் குடிக்கக் குடுக்கக் கூடாதுங்க. கடை போயிரும், பிள்ளைக பட்டினி கெடக்கும். இதுல ஊத்துங்க, தரை கழுவிக்கலாம்." பிறகு பானையில் புதுத் தண்ணீர் ஊற்றி, குளோரின் போட்டு மூடினேன்.

அதிகாரி வந்தார். பானையில் மூடி போட்டது போட்டபடி இருந்தது. சொட்டு விட்டார். மஞ்சள்! கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் ரெண்டு பேரும் பின்பக்கம் ஓடினோம். பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ரோசம்மாள் அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டபடி அப்படியே உட்கார்ந்து அழுதார். "எங்கன ஊத்தணும்னு இத்தன நாளா அவியட்ட யாரும் சொல்லலல்லா, சார்."

இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை ஒரே தடவையில் கேட்டு நடந்தவர் அந்தோணி அண்ணன் ஒருத்தர்தானுங்க.