குசினி நாறுது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நண்பனோடு ஸ்டொக்வெல்லில் ஒரு போர்த்துக்கீசச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பரிமாறியவர் நரைத்த மீசைக்காரர். பாணை மேசையில் வைக்குமுன் ஒவ்வொரு ரொட்டித் துண்டையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

உள்ளே சமையலறையிலிருந்து உப்புமீன் நெடி அடித்தது. தமிழ் இவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்ற துணிவில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவங்கட குசினி நாறுது மச்சான். பாணையும் தொட்டுத் தொட்டு வைக்கிறான்," என்றேன்.

"குசினி? பாண்?" என்று திரும்பினார் அவர். இரண்டும் போர்த்துக்கீசர் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில் அவருடைய மொழியிலிருந்து எங்களுக்கு வந்த சொற்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த மீனைக் காட்டினார். எங்கள் கருவாடேதான். கருவாடு பொரித்ததற்காக மேல்வீட்டுக்காரி என் முன்னால் மூக்கைப் பொத்தி ஒரு கிழமைகூட ஆகவில்லை. பிறகு அவர் புதுப் பாண்களைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, நல்ல சூடான ஒன்றை என் கையில் தந்தார்.

"சொறி" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் காலை மிதித்தவனும் அதைத்தான் சொல்கிறான். பாண், குசினி, மேசை, கதிரை என்று போர்த்துக்கீசரிடம் இவ்வளவு வாங்கிய நாங்கள், மன்னிப்புக்கு ஒரு சொல் வாங்காமல் விட்டுவிட்டோம்.